ரயில்வே கேட்டில் காத்திருந்த வீடு

செங்கால்பேரியில் சொரிமுத்துவின் வீடு நடக்கத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கோலம். பங்குனி வெயில் ஊரை வறுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, அவருடைய மகள் உலகம்மாள் வழக்கம்போலக் கதவைத் திறந்து, வாளியும் விளக்குமாறுமாக வாசலில் இறங்கினால், முந்தின நாள் அவள் போட்ட தாமரைக் கோலத்தில் பாதியைக் காணவில்லை. கோழி கலைக்கவில்லை, சைக்கிளும் ஏறவில்லை. வீட்டின் கீழ்ப்படி ஒரு சாண் தள்ளி வந்து, கல்யாண வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்த சம்பந்தியம்மாள் மாதிரி, இதழ்களின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் தான்தான் படியை ஒட்டி இழுத்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அவள் புதுக்கோலம் போட்டாள். மறுநாள் அதிலும் பாதியைக் காணோம். அதற்கும் மறுநாள் கொல்லைக் கதவைத் திறந்தால், கை நீட்டினால் வாளிக்கயிறு அகப்படுகிற தூரத்தில் இருந்த கிணறு, இறங்கி நடந்துபோக வேண்டிய தூரத்தில் இருந்தது. அவள் தண்ணீர் இறைத்து வந்து, உலை வைத்துவிட்டு, அப்பாவிடம் போய் நம்ம வீடு கிழக்கே நகருது என்று சொன்னாள். சொரிமுத்து, நகரட்டும், எத்தனை வருசந்தான் ஒரே இடத்தில் நிற்கும் என்றார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும். வாதத்தில் இரண்டு காலும் விழுந்துபோய், வருஷக்கணக்காக ஒயர் நாற்காலியில் ஒரே மூலையில் இருக்கிறவர் அவர். வீடு என்றால் மாளிகை இல்லை. ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு அடுப்படி, தெருப்பக்கம் தகரம் இறக்கிய மாவு மில், அவ்வளவுதான். ஒரு மிஷினில் அரிசியும் கோதுமையும், இன்னொன்றில் மிளகாயும் மல்லியும். மில்லை ஓட்டுவது உலகம்மாள், அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சொரிமுத்து. பெல்ட் ஓடுகிற சத்தம் இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும், மத்தியானத் தூக்கம் வரும். அவர் மனைவி கண்ணை மூடியதும் அந்தக் கூடத்தில்தான். ஆகவே அந்த வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று அவர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

உலகம்மாளுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதும் அதனால்தான். மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: கல்யாணத்துக்குப் பிறகு அப்பா? ஒருத்தர் தன் அண்ணன் முகத்தைப் பார்த்தார், ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருத்தர் நல்ல முதியோர் இல்லம் ஒன்று தெரியும் என்று நல்ல மனதோடேயே சொன்னார். வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதித்த ஒரே ஒருவரை அவருடைய சொந்தக்காரர்கள் கேலி பண்ணியே கலைத்துவிட்டார்கள். பெண் என்றால் ஒருநாள் பிறந்த வீட்டை விட்டுப் போக வேண்டியவள் என்பதில் செங்கால்பேரிக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. விட்டுப்போக முடியாத பெண் என்ன செய்வாள் என்று யாரும் யோசித்ததும் கிடையாது. முப்பத்தைந்தைத் தாண்டியதும் தரகர் அந்தத் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். உலகம்மாள் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில் கோதுமை அரைக்கும்போது, மிஷின் இரைச்சலுக்குள் வாய்விட்டுத் தனக்குத்தானே பேசுவாள், அது பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்காது.

சித்திரை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், தலைமையாசிரியர் வீட்டு மிளகாய் பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது, கம்பத்திலிருந்து கூரைக்கு வரும் வயர் விறைத்து, முறுக்கேறி, படாரென்று பிடுங்கிக்கொண்டது. மில் நின்றது. கரண்ட் ஆபீசுக்கு ஆள் போனது. ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லைன்மேன் பலவேசம் வந்தார். நாற்பதை நெருங்கிய, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கம்பத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வயர் கட்டையாகிவிட்டதே என்றார். வீடு நடக்கிறது என்று உலகம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. எந்தப் பக்கமாக என்று மட்டும் கேட்டார். கிழக்கே என்றாள். அவர் கிழக்கே அடுத்த கம்பம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் அளந்து, சரி என்று தலையாட்டிவிட்டு, வேண்டியதைவிட நீளமாக ஒரு வயரை விட்டுக் கட்டினார். மீட்டரைச் சோதிக்க மில்லுக்குள் வந்தவருக்கு மிளகாய்ப் பொடி ஏறித் தும்மல் பிடித்துக்கொண்டது பாருங்கள், வரிசையில் நின்ற பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவர் ஒரு கையில் டெஸ்டரும் இன்னொரு கையில் சுவருமாக நின்று தும்மித் தீர்த்தார். உலகம்மாள் உள்ளே போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுமுறை அவர் வருகிற அன்று மிளகாய் அரைப்பதில்லை என்று அவள் பலகை எழுதி மாட்டவில்லை, ஆனால் அன்றைக்கு மிளகாயோடு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினாள்.

வீடு ஏன் நடக்கிறது என்று ஊர் கொஞ்சநாள் பேசிப் பார்த்தது. பூமிக்கடியில் ஈரம் வற்றினால் கட்டடங்களுக்குக் கால் நிற்காது என்றார் போர் போடுகிறவர். நாற்காலியில் கிடக்கிற மனுசனுக்காக வீடு கால் எடுத்திருக்கிறது என்றாள் கோவில் வாசலில் பூ விற்கிறவள். காரணத்தைக் கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது தெரிந்ததும், ஊர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, நடக்கிற வீட்டோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்பதில் இறங்கிவிட்டது. அது நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு சாண் போகும், ஒருநாள் ஒரு வண்டி நீளம் போகும், மனம் வந்தால் ஒரே மூச்சில் நாலு வாசலைத் தாண்டி நிற்கும்; அமாவாசைக்கும் அஷ்டமிக்கும் அசையாது. சாக்கடை வந்தால் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிற பெண்பிள்ளை மாதிரி தாண்டியிருக்கும், ஒரு ஓடுகூட நழுவியிருக்காது. சந்தைத்தெருவில் அது நுழைந்தபோது டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தானாகவே உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். டவுன் பஸ் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரித்தெரு வழியாகச் சுற்றிப்போகப் பழகிக்கொண்டார். தபால்காரர் மட்டும், வீடு தினமும் தன்னை நோக்கி வருகிறது என்று சந்தோஷப்பட்டார். யார் வீட்டு முன்னால் வந்து நிற்கிறதோ அவர்களுக்கு முதல் இரண்டு நாள் முகம் சுருங்கும், வெளிச்சம் போச்சு, காற்றுப் போச்சு என்பார்கள். மூன்றாவது நாள், தலையில் சுமந்து போய் அரைத்த மாவு வாசலிலேயே அரைபடுகிற சுகம் கண்டுவிட்டு, இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருந்தால் என்ன என்று சொரிமுத்துவிடம் சிபாரிசுக்கு வருவார்கள். வலம் வருகிற தேருக்குத் தயாராவது மாதிரி தெருக்கள் கோதுமையைக் கழுவிக் காயவைத்துக் காத்திருந்தன. புறப்பட்ட இடமான கீழத்தெருவில், வீடு இருந்த சதுரத்தில் பொன்னுத்தாய் என்கிற பக்கத்து வீட்டுக்காரி கத்தரி நட்டாள், அது நன்றாகவே காய்த்தது. ஆனாலும் அவள் மாவு அரைக்கத் தூக்குச்சட்டியோடு வீட்டைத் தேடிக்கொண்டு வருவதை விடவில்லை.

நடக்கிற வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுப்பது மட்டும் சாதாரண வேலை இல்லை. ஓடுகிற லாரிக்குக் கரண்ட் கொடுப்போமா என்று கேட்டார் அதிகாரி. இது ஓடவில்லை சார், நடக்கத்தான் செய்கிறது என்றார் பலவேசம். அவர் அவ்வளவு பேசியதே அதிசயம் என்பதால் அதிகாரி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே வீடு ஒரு கம்பத்தைத் தாண்டும் முன் பலவேசம் வருவார், பழைய கம்பத்திலிருந்து அவிழ்த்து அடுத்த கம்பத்தில் கட்டுவார், மோர் குடிப்பார், போவார். பிறகு கம்பம் மாற்ற வேண்டாத நாட்களிலும், மாற்ற வேண்டியிருக்குமோ என்று பார்த்துவிட்டுப் போக வரத் தொடங்கினார்.

அவர் கட்டும் வயர் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒருநாள் உலகம்மாள் கேட்டேவிட்டாள்.

"இம்புட்டு வயரைத் தொங்க விட்டா பாக்க நல்லாவா இருக்கு?"

"இழுத்துக் கட்டுனா அந்துரும்," என்றார் பலவேசம். "கொஞ்சம் விட்டுக் கட்டுனாத்தான் அது வாரவரைக்கும் வரும்."

அன்று அவர் போன பிறகும் அவள் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு, ஒருத்தி அரிசிமாவில் இன்னொருத்தி கேழ்வரகைக் கலந்து அரைத்துக் கொடுத்துவிட்டாள். அந்த இருவரும் சண்டைக்கு வராமல், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு போனதில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. ஊரில் எல்லாப் பெண்களும் பலவேசத்தை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் வாங்க, இருங்க, மோர் குடிங்க என்று, கூப்பிட ஒரு பெயரே இல்லாமல் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தாள். "ஏட்டி உலகு, எங்க எல்லாருக்கும் அவரு அண்ணாச்சி. உனக்கு யாருட்டி?" என்று பொன்னுத்தாய் வரிசையில் நின்றபடி சத்தமாகவே கேட்டாள். உலகம்மாள் மிஷினைப் போட்டுவிட்டாள்.

மோர் குடிக்கிற நேரத்துக்குள் அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துகொண்டார்கள். பலவேசம் எதைத் தொடுவதற்கு முன்னாலும் டெஸ்டரை வைத்து ஒன்றுக்கு மூன்று தடவை பார்ப்பார். கரண்ட் இல்லாத செத்த லைன் என்று நம்பிக் கை வைத்த சிநேகிதன் ஒருவனை அவர் கண் முன்னால் பறிகொடுத்திருந்தார். அதற்குப் பிறகு கம்பி என்றில்லை, கல்யாணப் பேச்சானாலும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குச் சுபாவமாகிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் ஒரு சந்தில் தகரக்கூரை வீடு. அதில் அவர், அவர் அம்மா பேச்சியம்மாள், இரண்டு எருமைகள். எருமையை விட்டுவிட்டு அம்மா எங்கேயும் வரமாட்டாள், அம்மாவை விட்டுவிட்டு அவர் வரமாட்டார். அப்பாவை விட்டு அவள் போகமாட்டாள், வீட்டை விட்டு அப்பா வரமாட்டார். இதை இருவரும் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்த வேண்டாம் என்று மின்சாரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அவர் வராத நாள் அவளுக்கு நீளமாக இருந்தது. அது பிரியம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்து என்ன பண்ணுவது என்பதுதான் தெரியவில்லை.

ஆவணியில் வீடு மணிக்கூண்டுக்கு வந்து நின்றது. இடதுபக்கம் திரும்பினால் வாய்க்கால், நேரே போனால் உலகம்மன் கோவில், வலதுபக்கம் ரயில்வே கேட் ரோடு. அம்மனிடம்தான் போகிறது என்று பாதி ஊரும், வாய்க்காலில் இறங்கிக் கரையப்போகிறது, இப்போதே சாமான்களை எடுத்துவிடுவது நல்லது என்று மீதி ஊரும் பேசிக்கொண்டது. வீடு சில நாள் அசையாமல், வழி கேட்க ஆள் தேடுவது போல நின்றது. பிறகு ஒரு காலை ஊர் எழுந்து பார்த்தால் அது வலதுபக்கம் திரும்பி, வாசலை ரயில்வே கேட்டைப் பார்க்க வைத்துக்கொண்டு நின்றது. அந்த ரோட்டில் ஒரு மரக்கடையையும் கேட்டையும் விட்டால், அந்தப்புறம் பலவேசத்தின் சந்து ஒன்றுதான் இருக்கிறது. டீக்கடையில் அன்று யாரும் யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பலவேசம் சைக்கிளில் போகும்போது ஒருத்தர், சம்பந்தி வீடு எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்டார். அவர் பெடலை வேகமாக மிதித்தார்.

உலகம்மாளுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் மனதில் இருந்ததை வீடு இப்படி நடுரோட்டில், ஊர் பார்க்க, செங்கல் செங்கலாகச் சொல்லிக்கொண்டு போகும் என்று அவள் கண்டாளா. ஒரு பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை தேடிப் போவதே கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கப்படுகிற ஊரில், பெண்ணின் வீடே கிளம்பிப் போனால் எப்படி இருக்கும். ஆனாலும் காலையில் கோலத்தின் மேல் ஏறியிருக்கிற படியைப் பார்க்கும்போதெல்லாம், நேற்றைவிட இன்றைக்குப் பக்கம் என்று அவளுக்குள் ஒன்று கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் வீடு ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்தது. கேட் சாத்தியிருந்தது. எல்லாரையும் போல வீடும் நின்றது. ரயில் போயிற்று, கேட் திறந்தது, மாட்டுவண்டி போயிற்று, சைக்கிள் போயிற்று, வீடு மட்டும் நகரவில்லை. மறுநாள் நகரவில்லை, அந்த வாரமே நகரவில்லை. கேட் கீப்பர் கொடியை ஆட்டிக் காட்டினார், வந்தாப் போயிரலாம் என்று மரியாதையாகவே சொல்லிப் பார்த்தார். கோலத்தில் ஒரு புள்ளிகூட மறையவில்லை. உலகம்மாள் விடியற்காலையில் கதவைத் திறந்து முழுக்கோலத்தைப் பார்த்துவிட்டு, அழிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நின்றாள்.

அத்தோடு மில்லும் நின்றுபோனது. ஊரின் கடைசிக் கம்பம் பின்னால் தங்கிவிட்டது. அடுத்த கம்பம் தண்டவாளத்துக்கு அந்தப்புறம். ரயில் போகிற பாதைக்கு மேலே வயர் இழுக்க யாருக்கும் அனுமதி இல்லை. சத்தம் போனதும் சொரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று. ரயில் போகும்போது மட்டும் கண்ணைத் திறந்து, பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பார்.

"எம்மா, ஒரு சத்தமும் இல்லையே," என்றார் ஒருநாள். "நான் இருக்கேனா?"

அதைக் கேட்ட பிறகு உலகம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. மாவு இல்லாமல் தவித்துப்போன கீழத்தெருக்காரர்கள், லாரியும் சங்கிலியும் கொண்டுவந்து வீட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போய்விடுகிறோம் என்று ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் மட்டும், கத்தரி இன்னும் காய்ப்பில் இருக்கிறது, இப்போது என்ன அவசரம் என்றாள். சுவர் விரியலாம், ஓடு சரியலாம், ஆனால் அங்கே கம்பம் இருக்கிறது, மில் ஓடும், அப்பா பிழைப்பார். வெள்ளிக்கிழமை வாங்க என்று உலகம்மாள் சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே பலவேசம் வந்தார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது. உயிரில்லாமல் தொங்கிய வயரை மூன்று தடவை தொட்டுப் பார்த்தார், மோர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார், பிறகு தம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுசனுக்கு என்ன கேடு என்று அந்த மோரைத் தெருவில் கொட்டினாள்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கியது பேச்சியம்மாள். எருமைக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டே மகனைப் பிடித்து உலுக்கி எடுத்ததைப் பிறகு அவளே ஊரெல்லாம் சொன்னாள். "ஏல, கூப்பிடாத வீட்டுக்கு நாம போவோமா? கேட்டு வரைக்கும் அது தன்னால வந்துட்டு. அதுக்கு மேல வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட ஆள் வேண்டாமா? இடிச்சிக்கிட்டு உள்ள வர அது என்ன மானங்கெட்ட வீடா?" என்று அவள் கேட்டபோது, பலவேசம் இதை ஏன் நாம் யோசிக்கவே இல்லை என்பது போல விழித்தாராம். செங்கால்பேரியில் இத்தனை பேர் இருந்தும், கல்யாணம் காதுகுத்து என்றால் மூன்றாம் தெரு வரைக்கும் தட்டு எடுத்துக்கொண்டு போய் அழைக்கிற ஊரில், நடந்து வந்த வீட்டை ஒருவரும் அழைக்கவில்லை. அதுதான் நடக்கிறதே, தானாக வந்துவிடும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. கீழத்தெரு இளவட்டங்கள் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள். உலகம்மாள் அப்பாவின் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள், பானைகளை இறக்கி வைத்தாள், எல்லாம் செய்து முடித்து வாசலுக்கு வந்தபோது கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு அந்தப்புறம் ஒரு கூட்டம் நின்றது. முன்னால் பேச்சியம்மாள், பட்டுச்சேலையில், கையில் தட்டோடு. அவளுக்குப் பின்னால் தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, பூத் தட்டு, சேலைத் தட்டு என்று அந்தச் சந்துப் பெண்கள். நடுவில் பலவேசம், வெள்ளை வேட்டியில், கையில் டெஸ்டர் இல்லாமல். லாரிக்காரர் வண்டியை எடுக்கப்போக, பொன்னுத்தாய் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போது பாசஞ்சர் ரயில் வந்தது. எத்தனை பெட்டி அது, போய்க்கொண்டே இருந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் அவள் அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார், மறைந்தார்கள், மறுபடி பார்த்தார்கள். கடைசிப் பெட்டி போனதும் கேட் கீப்பர் கேட்டைத் திறந்தார்.

பலவேசம் தண்டவாளத்தைத் தாண்டி வந்து படிக்குக் கீழே, கோலத்தை மிதிக்காமல் நின்றார்.

"உலகம்மா," என்றார். அவள் பெயரை அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் எதையும் மூணு தடவை பாத்துட்டுத்தான் தொடுவேன். இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டேதான் இருந்துட்டேன். இன்னைக்குப் பாக்காமலே கேக்குதேன். எங்க தெருவுக்கு வாறியளா?"

கேட்க வேண்டியதைக் கேட்காமல் உலகம்மாள் விடவில்லை.

"அப்பா?"

"நான் உங்களை மட்டும் கூப்பிட வரலையே," என்றார் பலவேசம். "வீட்டோட கூப்பிடுதேன். அப்பா, மில்லு, நாற்காலி, அடுப்படி, எல்லாத்தையும்." பிறகு திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மாமா, வீட்டைக் கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் சொரிமுத்துவை இதுநாள்வரை பெரியவரே என்றுதான் கூப்பிட்டிருந்தார். உள்ளே கட்டிவைத்த நாற்காலியிலிருந்து, பல நாள் பேசாத கரகரத்த குரல் வந்தது.

"வீடு எம்பேச்சை எங்க கேக்குது. அவகிட்டக் கேளுங்க, மாப்ள."

மாப்ள என்று சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது. உலகம்மாள் தலையாட்டினாள், தலையாட்டிவிட்டு, அது போதாது என்று தோன்றி, வாரேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பேச்சியம்மாள் படியேறி வந்து முதலில் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள், தலையில் பூ வைத்தாள், பிறகு நிலைவாசலில் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, வாசற்படியில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, குடும்பத்தோட வந்துரணும் என்று வீட்டைப் பார்த்துச் சொன்னாள். கூடத்தில் சொரிமுத்துவின் மடியை மணையாக்கி அங்கேயே தட்டு மாற்றினார்கள். சங்கிலி போட வந்த இளவட்டங்களே சங்கிலியை அவிழ்த்து லாரியில் எறிந்துவிட்டு, வந்தவர்களுக்குக் கலர் பாட்டில் வாங்க ஓடினார்கள். நிச்சயம் முடிந்தது, தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்தார்கள்.

அப்புறம்தான் ஊர் முதன்முறையாக அதைக் கண்ணால் பார்த்தது. பட்டப்பகலில், வெயிலில், வீடு ஒரு மூலையை மெதுவாகத் தூக்கியது, கீழே வைத்தது, அடுத்த மூலையைத் தூக்கியது. ஓடுகள் லேசாகக் கலகலத்தன. உள்ளே சொரிமுத்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் காலால் நடக்கிறவரைப் போல ஒவ்வொரு எட்டுக்கும் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகம்மாள் வாசற்படியில் நின்றபடியே வந்தாள். இரண்டு தண்டவாளங்களின் மேலும் படாமல், புதுப்பெண் நிலைப்படியைத் தாண்டுகிற மாதிரி கவனமாகத் தாண்டி, கேட் கீப்பர் பச்சைக்கொடி பிடிக்க, தட்டு ஏந்திய பெண்கள் முன்னால் குலவையிட்டுப் போக, வீடு அந்தச் சந்துக்குள் நுழைந்து, பலவேசத்தின் தகரக்கூரை வீட்டுக்கு எதிரே, ஒரு வண்டி போகிற இடம் விட்டு நின்றது. இரண்டு எருமைகளும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குக் குனிந்தன. பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிச்சயதார்த்தச் சந்தனம் நெற்றியில் காயாமலே கம்பத்தில் ஏறினார். பெல்ட் ஓடத் தொடங்கியதும் சொரிமுத்து ஒரு கை சோறு அதிகமாகவே சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை உலகம்மாள் தன் புது வாசலில், எதிர்வீட்டுப் படியருகே எட்டுகிற மாதிரி, பெரிய தாமரையாகப் போட்டாள். அதற்கு மறுநாள் கதவைத் திறந்ததும் அவள் கண் பழக்கத்தில் படியைத்தான் பார்த்தது. படி அதன் இடத்தில் இருந்தது, இதழ் ஒன்றுகூட மறையவில்லை; வீடு நின்றுவிட்டது, வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. மனம் நிறைந்து வாளியை எடுக்கக் குனிந்தபோதுதான் கோலத்தின் மறுஓரம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு இதழைக் காணவில்லை. எதிர்வீட்டுப் படி ஒரு சாண் முன்னால் வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. தகரக்கூரை வீட்டின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த பலவேசம், காலுக்குக் கீழே கோலமாவைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார். உலகம்மாள் அந்த இதழை அவர் படியைச் சுற்றி வளைத்துப் போட்டாள்.